மைனாவுக்கு உப்புத் தண்ணீர்

வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு மைனா மறுபடியும் தலையைத் திருப்பிக்கொண்டாள். சந்தாபுராவைத் தாண்டி நடந்த நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தில் அது இடை ஓய்வு. முதல் சுற்று ஓடிவிட்டு வந்த பெண்குதிரையின் விலாவில் வியர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அர்ஜுனன் வாளித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தான். "உப்புப் பொடிய இதுலயே கலந்துட்டியா?"

"எங்க வீட்டு மாடு உப்பு போட்டாத்தானே குடிக்கும்!" வனஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சரியாப் போச்சு போ. இவ மகாராணி. மொதல்ல வெறுந்தண்ணி. அப்புறம்தான் உப்பு, அதுவும் வாயில பீச்சி விடணும்."

புருஷனும் பெண்டாட்டியும் லாயத்தில் வேலை பார்த்து, அங்கேயே ஓர் அறையில் குடியிருந்தார்கள். மைனா தண்ணீர் குடித்து மூத்திரம் பெய்தால்தான் அடுத்த சுற்றுக்கு விடுவேன் என்று குதிரை டாக்டர் சொல்லிவிட்டார். போன பந்தயத்தில் ஒரு குதிரை பாதியில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்ட ஆளை முதலாளி மறுநாளே மூட்டை கட்ட வைத்தார். பாவி மனுஷன், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வனஜா வாளியைத் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள். மைனா அதையும் நம்பவில்லை. வனஜா இரு கையிலும் தண்ணீரை ஏந்தி நீட்டினாள்.

"என் தங்கம்ல, கோச்சுக்காதடி. நான்தான் புத்தி கெட்டவ."

ஈர உதடு உள்ளங்கையில் உரசியது. ஒரு உறிஞ்சல். இன்னொன்று. பிறகு வாளிக்குள் முகத்தை விட்டவள் அடி தெரியும்வரை எடுக்கவில்லை. அர்ஜுனன் பெரிய சிரிஞ்சைக் கடைவாயில் வைத்து உப்புக் கரைசலை ஏற்றினான். மைனா மேலுதட்டைச் சுருட்டிப் பழிப்புக் காட்ட, இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"நீயும் சொல்ப தண்ணி குடி. காலைலேர்ந்து உதடு காஞ்சு கெடக்கு" என்றான்.

"குடிச்சிட்டு எங்கய்யா போறது?"

சுற்றிலும் மறைவுக்கு ஒரு செடிகூட இல்லாத பொட்டல். கழிப்பறை வண்டி ஒன்று நின்றது. "ரைடருங்களுக்கு மட்டும்தாம்மா" என்று காவலாளி காலையிலேயே அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

சவாரி செய்யும் அனுஷா டாக்டரை அழைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அந்த நேரம் பார்த்து மைனா பின்னங்காலை அகட்டி, மண் நுரைக்க, நிதானமாகப் பெய்தாள்.

"கலர் சூப்பர்! போகலாம்!" என்று டாக்டர் கை தட்டினார். அனுஷா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பக்கத்துக் கூடாரங்களில் இருந்தவர்களும் தட்டினார்கள். அர்ஜுனனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. வண்டிக் கதவோரம் நின்றிருந்த காவலாளிகூடச் சிரித்துக்கொண்டே தட்டினார்.

வனஜாவும் தட்டினாள். அடிவயிற்றில் சுரீரென்றது. முழங்கால்களை இறுக்கிச் சேர்த்துக்கொண்டு மைனாவின் ஓரமாக மெல்ல உட்கார்ந்தாள்.