டொறத்தியின் கண்ணுக்குள் களப்பு

1
இந்தக் கதை எனக்கு வேலிக்கு மேலால் கிடைத்தது. எட்டிப் பார்த்தேன் என்று எழுத வெட்கப்பட்டு, முதலில் இப்படித் தொடங்கினேன்: "முந்தல் களப்புக் கரையில் ஒரு மாலை, டொறத்தியின் கண்ணுக்குள் மூடுபனி இறங்கி..."

(வெட்டிவிட்டேன். முந்தலில் ஏது மூடுபனி? ஆனால் அவள் அப்படித்தான் சொன்னாள்.)

2
நடந்தது இது. தலவில அன்னம்மாள் கோயில் திருநாள் முடியும்வரை மீன், இறால் தொடமாட்டேன் என்று பக்கத்து வீட்டு டொறத்தி நேர்த்தி வைத்தாள். ஒன்பதாம் நாள் ஒளித்திருந்து இறால் உரித்தாள். தலைமுள் ஒன்று வலது கண்ணில் ஏறிவிட்டது.

"மாக்கிறட் அக்கா, ஈர்க்கு குத்தினதெண்டு சொல்லுங்க. அன்னம்மா தண்டிச்சிட்டாண்டு ஊரே சிரிக்கும்."

"நான் ஆருக்கடி சொல்லப்போறன்?"

(அந்தக் கறியில் ஒரு கோப்பை எனக்கும் வந்தது.*)

* உறைப்புக் கொஞ்சம் குறைவு.

3
கண் ஆஸ்பத்திரி டொக்டர் ஸும்ராவைக் கெட்டிக்காரியாக எழுதிவிட்டுப் பிறகு சந்தேகப்பட்டேன். ஈர்க்கு என்றதும் பூஞ்சணத்துக்கு மருந்து தொடங்கினாரே! பிழை அவருடையதல்ல, எங்கள் பொய்யினுடையது. கண்ணுக்குள் ஊசி விட்டு எடுத்த நீரிலும் ஆய்வுகூடத்தில் இரண்டு நாளாக எந்தக் கிருமியும் வளரவில்லை.

"கண்ணுக்குள்ள களப்பு தெரியுது அக்கா. தோணியெல்லாம் வெள்ளையா மிதக்குது."

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தபடியே நான் கண்ணயர்ந்தேன். கண்ணாடி உடம்போடு இறால்கள் அவள் கண்ணில் மெதுவாக நீந்தின.

ஸும்ரா தட்டி எழுப்பினார். "ஆன்டி, இண்டைக்குள்ள காரணம் தெரியாட்டி அந்தக் கண்ணைக் காப்பாத்தேலா. உண்மையா ஈர்க்குத்தானா?"

4
இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் வாயைத் திறக்கவில்லை. (எங்கள் தெருவில் எவரும் நம்பமாட்டார்கள்.) மற்றதில்,

"இறால் முள்ளு, டொக்டர்."

"யா அல்லாஹ்! முதல்லயே சொல்லியிருக்கலாமே! உப்புத்தண்ணிக் கிருமி உப்பில்லாம வளராது."

மறுபடி நீர் எடுத்தார். அப்போதே கண்ணுக்குள் வேறு மருந்தை ஏற்றினார். ஆய்வுகூடத்தில் உப்புச் சேர்த்து வைத்ததும் மறுநாளே கிருமி வளர்ந்துவிட்டது. கண்ணுக்குள் அபூர்வமாகத்தான் வருமாம். பெயர், எங்கள் கோயில் சபைத் தலைவரின் முழுப்பெயரைவிட நீளம்.

5
நாளை கட்டு அவிழ்க்கிறார்கள். பார்வை வரும் என்று ஸும்ரா வாக்குத் தரவில்லை. காட்டிக்கொடுத்த நாளிலிருந்து டொறத்தி என்னோடு கதைப்பதில்லை.

நல்ல கண்ணைப் பொத்திவிட்டு மற்றதால் பார்க்கச் சொல்வார்களாம். நான் கால்மாட்டில் நிற்பேன். சத்தத்தில் கண்டுபிடித்துவிடாதபடி இருமக்கூட மாட்டேன். (என்னாலா? முயற்சிப்பேன்.) என்னைக் கண்டால் அவள் ஏசுவாள். காணாவிட்டால்...

கடைசி வரியை உங்களுக்கு விடுகிறேன். அவள் குரலில், கூச்சப்படாமல், நீளமாக, என் பரம்பரையையே இழுத்து ஏசுங்கள்.

"அடியே மாக்கிறட்டு,