அழுகை ஆற்றுக் கடை

எங்கள் ஊர்த் திருவிழாவில் ஆற்றங்கரையில் ஐந்து கடைகள் போடுவார்கள். ஐந்துக்கும் ஆறுகளின் பெயர்தான். செத்தவர்களின் உலகத்தில் ஓடுகிறதாகப் பழைய ரோமானியர்கள் எழுதி வைத்த ஆறுகள். ஃபிளெகெதோன் நெருப்பு ஆறு, அங்கே இறைச்சி சுடுவார்கள். லேத்தே மறதி ஆறு, அது சாராயக் கடை. ஸ்டிக்ஸ் வெறுப்பு ஆறு, அதை எப்போதும் நகராட்சிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். அகெரோன் துயர ஆறு, அங்கே பரிசுச் சீட்டு. ஐந்தாவது கோகித்துஸ். அழுகையின் ஆறு. அங்கே ஆக்டோபஸ் வேகவைத்து விற்பது நான்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷமே என்னை அந்தக் கடையில் நிறுத்திவிட்டார்கள். நான் கடற்கரைக்காரி, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆக்டோபஸ் பிடிப்போமே தவிர, அதைப் பதமாக வேகவைக்கத் தெரிந்தவர்கள் கடலையே பார்க்காத இந்த உருளைக்கிழங்குக்காரர்கள்தான். இவர்களிடம் கற்றுக்கொண்டுதான் இவர்களுக்கே விற்றேன்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால் கமிட்டியிலிருந்து ஒப்தூலியா வந்தாள். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

"சபேலா, தப்பா நினைக்காத. இந்த வருஷம் உனக்கு வேற கடை குடுக்கலாமான்னு பேசிக்கிட்டோம்."

"ஏன்?"

"இல்ல... பேரு அப்படி இருக்குல்ல. அழுகை ஆறுன்னு. உன் நிலைமையில, போர்டுக்குக் கீழ நீ நிக்கிறது..."

"ஆக்டோபஸை யாரு வேகவைப்பா? நீயா?"

"ஐயோ, எனக்கு அதைப் பார்த்தாலே உடம்பு கூசும்."

"அப்புறம் என்ன? நானே நிக்கிறேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பால் பொங்குகிறதா என்று அடுப்பைப் பார்ப்பதுபோல. எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். எனக்குப் பழகிவிட்டது என்று சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் எலாதியோ பிப்ரவரியில் இறந்துபோனார். உருளைக்கிழங்குக் கிடங்கில் மூட்டைமேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் வேலை செய்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்து, கேலி பண்ணி, தொப்பியைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். சவப்பெட்டிக்கு எந்த மரம் என்று கேட்டார்கள். சொன்னேன். கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். குழியில் ஒரு கை மண் போட்டேன். அழுகை வரவில்லை. பிறகு வரும் என்றார்கள். மார்ச்சில் வரவில்லை. உருளைக்கிழங்கு நட்டு, பூத்து, தண்ணீர் பாய்ச்சி முடித்த பிறகும் வரவில்லை.

துக்கம் இருந்தால்தானே என்று கடையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. முட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா தினமும் கடற்கரையிலிருந்து போன் பண்ணுவாள்.

"அங்க தனியா என்னடி பண்ற? கிளம்பி வா."

"வந்து?"

"வந்து என்ன வந்து? அழு. இங்க வந்து அழு."

"இங்க வராதது அங்க வருமா?"

"கல்லு மாதிரி பேசாதடி."

கல் மாதிரிதான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

திருவிழாவைச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஓரமாக ஓடுகிற லிமியா ஆற்றைத்தான் ரோமானியர்கள் லேத்தே என்று நம்பினார்களாம். இறங்கினால் தன் பெயர், வீடு, பெற்றவள் எல்லாம் மறந்துபோகும் என்று படை மொத்தமும் கரையில் நின்றுவிட்டது. தளபதி கொடியைப் பிடுங்கிக்கொண்டு தனியாக இறங்கினார். அக்கரைக்குப் போய் நின்று ஒவ்வொரு சிப்பாயையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்கு மறக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

பெரிய ஊர்களில் இதை விளக்கெல்லாம் போட்டு நடத்துகிறார்கள். எங்களுடையது சின்னது. கசாப்புக்கடை டெல்மிரோதான் எப்போதும் தளபதி. குரல் அப்படி. சிப்பாய்கள் ஊர் ஆண்கள். எங்கள் ஊருக்கென்று சில விதிகள் உண்டு. தளபதி காகிதத்தைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் ஆறு ஜெயித்ததாக அர்த்தம். கூப்பிட்டவன் கரையேறாமல் அடுத்தவனைக் கூப்பிடக்கூடாது. கரையேறியவனிடம் "யார் நீ, உன் தாய் யார்?" என்று கேட்கவேண்டும். அவன் சொல்வதைத் தளபதி ஊர் கேட்க ஒருமுறை உரக்கச் சொல்லவேண்டும். அவ்வளவுதான். அதன்பிறகு குடி.

எலாதியோவுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீர்தான், ஆனாலும் பயம். அவர் பெயரைக் கூப்பிட்டால் ஆளைக் காணாது. எங்கேயாவது புதருக்குப் பின்னால் நின்று தைரியத்துக்கு ஒரு வாய் குடித்துக்கொண்டிருப்பார். மானத்தைக் காப்பாற்ற நான் கடையிலிருந்து கத்துவேன்: "வர்றாரு, வர்றாரு! செருப்பு வாரு அறுந்துபோச்சு!" முதல் வருஷம் நிஜமாகவே அறுந்திருந்தது. அப்புறம் அது திருவிழாவில் ஒரு பகுதியாகிவிட்டது. அவர் பெயர் வந்ததும் ஜனம் என் பக்கம் திரும்பும். நான் கத்துவேன். சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் என்னோடு சேர்ந்து கத்தும்.

இந்த வருஷம் அவர் பெயரைக் கூப்பிட்டு ஊரே மௌனமாக நிற்பதாகக் கமிட்டி முடிவு செய்திருந்தது. ஒப்தூலியா கிளம்பும்போது வாசலில் நின்று அதைச் சொன்னாள். நல்ல விஷயம் சொல்வதுபோல் சொன்னாள்.

அவள் போனதும் நேராக டெல்மிரோ கடைக்குப் போனேன். பன்றித் தொடையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவர் பேரைக் கூப்பிடாதீங்க."

கத்தி நின்றது. "மரியாதைக்குத்தானேம்மா."

"தெரியும். ஆனா கூப்பிட்டா எல்லாரும் என் மூஞ்சியப் பார்ப்பாங்க."

"பார்த்தா என்ன?"

"அதுல ஒண்ணும் இருக்காது அண்ணே. ஊரே பார்க்கும், ஒண்ணும் இருக்காது. அதை என்னால தாங்க முடியாது."

அவர் கத்தியைத் துடைத்து வைத்தார். எலாதியோவும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"சரி. கூப்பிடல. கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா ஒண்ணு, பெனிக்னோ, எலாதியோ, இஷீனியோ... இப்படித்தான் வாய்க்குள்ள ஓடுது. நடுவுல ஒண்ணை உருவணும். பழகிக்கிறேன்."

அன்றிலிருந்து கடைப்பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே முணுமுணுப்பது கேட்கும். "பெனிக்னோ, இஷீனியோ. பெனிக்னோ, இஷீனியோ." வாடிக்கையாளர்கள் ஏதோ ஜெபம் என்று நினைத்தார்கள்.

"அண்ணே, நான் விலா எலும்பு கேட்டேன், பெனிக்னோவைக் கேக்கல," என்று ஒருவர் சொன்னதாக ஊரில் சிரித்தார்கள்.

திருவிழா அன்று நல்ல வெயில். செப்புக் கொப்பரையில் தண்ணீர் கொதித்தது. ஆக்டோபஸை மூன்று தரம் முக்கி எடுத்து உள்ளே விட்டேன். வெந்ததும் கத்தரியால் வெட்டி மரத்தட்டில் போட்டு, உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய். அடுத்த தட்டு. வேலை செய்யும்போது நன்றாகத்தான் இருந்தது. கை தனியாக ஓடியது.

டெல்மிரோ சிவப்புப் போர்வையும் தகரத் தலைக்கவசமுமாகக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார். வெளியூர் ஜனம் கைதட்டியது. அக்கரையில் ஏறி நின்று திரும்பினார். இடது கையைத் தூக்கினார். இரைச்சல் அடங்கியது.

ஒவ்வொரு பெயராக வந்தது. போனார்கள். ஏறினார்கள். "யார் நீ? உன் தாய் யார்?" மருந்துக்கடைக்காரர் ஏற முடியாமல் சறுக்கினார். "மறந்துட்டாரு, காலை மறந்துட்டாரு!" என்று லேத்தே கடையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"பெனிக்னோ!"

பெனிக்னோ போனான். ஏறினான். பெயரைச் சொன்னான், தாயைச் சொன்னான். டெல்மிரோ அதைத் திருப்பிச் சொன்னார். மூச்சை இழுத்தார்.

"எலாதியோ!"

டெல்மிரோவின் குரல் அக்கரையிலிருந்து நேராக வந்தது. எந்த வருஷமும் வருவது போலவே.

நான் கத்தரியோடு நிமிர்ந்தேன். யோசிக்கவே இல்லை.

"வர்றாரு, வர்றாரு! செருப்பு வாரு அறுந்துபோச்சு!"

வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். ஒரு சின்னப் பெண் என்னோடு சேர்ந்து கத்தி முடித்தாள். அதன்பிறகுதான் ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை என்பது கேட்டது. ஒப்தூலியா கையில் பரிசுச் சீட்டுக் கட்டோடு அப்படியே நின்றாள். அக்கரையில் டெல்மிரோ வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தலைக்கவசம் கண்மேல் சரிந்திருந்தது. அதைத் தூக்கிவிடக்கூட இல்லை.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பயந்தது இதற்குத்தான். இதோ நடந்துகொண்டிருந்தது. என் முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியும். வெந்த ஆக்டோபஸின் நீராவி. வேறொன்றுமில்லை.

வரிசையில் அடுத்து நின்ற இஷீனியோ எங்கள் பள்ளிக்கூட வாத்தியார், சின்ன வயசுக்காரன். தண்ணீருக்கு ஓரத்தில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். அவனால் இறங்க முடியாது. கூப்பிட்டவன் கரையேறாமல் அடுத்தவனைக் கூப்பிடக்கூடாது. அவனுக்குப் பின்னால் இன்னும் பத்துப்பேர். வெளியூர் ஜனம் யார் வரப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. வருகிறார் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

கத்தரியைக் கீழே வைத்தேன். கையை மேலங்கியில் துடைத்தேன். அடுப்பைத் தணித்துவிட்டு நடந்தேன்.

"அக்கா..." என்றான் இஷீனியோ.

"தள்ளு."

இறங்கினேன். செருப்போடுதான். தண்ணீர் சில்லென்று இருந்திருக்க வேண்டும். ஆட்கள் இறங்கும்போதெல்லாம் கூச்சல் போடுவார்களே. எனக்கு ஈரம் தெரிந்தது, சில்லிப்பு தெரியவில்லை. வயல் உரம் கலந்து வளர்ந்த பாசி காலில் சுற்றியது. கொஞ்சம் தள்ளி இருந்த பாலத்தைப் பார்க்காமல் டெல்மிரோவைப் பார்த்தே நடந்தேன்.

ஆற்று நடுவில் ஒரு பள்ளம் உண்டு. எலாதியோ வருஷா வருஷம் அதைப் பற்றிச் சொல்வார். கரையில் நிற்கிற ஆல்டர் மரத்துக்கு நேரே, வலது பக்கம் ஒதுங்கிப் போகணும் என்பார். சாப்பாட்டு மேஜையில் முள்கரண்டியை வைத்துக் காட்டுவார். நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. நான் எதற்கு ஆற்றில் இறங்கப்போகிறேன்?

நேராகப் போனேன். கால் கீழே போயிற்று. தலைவரைக்கும் முழுகினேன். காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. நல்ல இடமாக இருந்தது. அங்கேயே கொஞ்சம் இருக்கலாம் போலிருந்தது.

கால் கல்லில் பட்டது. எழுந்துவிட்டேன்.

கரையில் கூச்சல். எவனோ சிரித்தான், யாரோ அவனை அடித்தார்கள். முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது. ஒதுக்கினேன். நடந்து அக்கரை சேர்ந்தேன். பெனிக்னோ கை கொடுத்துத் தூக்கினான்.

டெல்மிரோ அழுதுகொண்டிருந்தார். மூக்கு ஒழுகியது. "மன்னிச்சுடும்மா. பழகினேன். சத்தியமா பழகினேன். வாய் அதுபாட்டுக்கு..."

"என் வாயும்தான் அண்ணே."

"என்ன பண்ணட்டும் இப்போ?"

"கேளுங்க. வரிசை நிக்குது."

"உன்னையா?"

"நான்தானே ஏறியிருக்கேன்."

அவர் தலைக்கவசத்தைச் சரி பண்ணினார். தளபதிக் குரலுக்கு முயற்சி செய்தார், பாதிதான் வந்தது.

"யார் நீ? உன் தாய் யார்?"

என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆற்றில் இறங்கும்போது நினைத்திருந்தேன். எலாதியோ, ஷொசெஃபாவின் மகன். வாய் திறந்தபோது அது வரவில்லை. அவர் ஏறவில்லை. அது எனக்குத் தெரிந்தது.

"சபேலா," என்றேன். "மானுயேலா மக."

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என் அம்மா பெயரை யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. டெல்மிரோ ஆற்றைப் பார்த்துத் திரும்பினார். விதிப்படி உரக்கச் சொன்னார்.

"சபேலா! மானுயேலாவின் மகள்!"

யாரையோ சொல்வதுபோல் இருந்தது. ஆனால் சரியாகத்தான் சொன்னார்.

அக்கரையில் ஒப்தூலியா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு அழுதாள். பக்கத்திலிருந்த பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "சபேலா அழுதுட்டா, பாரு, அழுதுட்டா," என்று ஒருத்தி சொன்னது தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது. முடியிலிருந்து ஆறு என் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. நான் துடைக்கவில்லை.

டெல்மிரோ கிட்டே வந்து பார்த்தார். அவருக்கு மட்டும் தெரிந்தது.

"அழல, இல்லியா?" என்றார் மெதுவாக.

"இல்ல அண்ணே."

"சொல்லட்டுமா அவங்ககிட்ட?"

"வேண்டாம். நிம்மதியா இருக்கட்டும். அடுத்தவனைக் கூப்பிடுங்க, ரொம்ப நேரமா ஒத்தைக் கால்ல நிக்கிறான்."

ஏறியவர்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் போனேன். பெனிக்னோவுக்கு அடுத்த இடம். அவன் தன் சிப்பாய் வேஷச் சிவப்புப் போர்வையைக் கழற்றி என் தோளில் போட்டான். வியர்வை நாற்றம் அடித்தது. யாரோ காப்பிச் சாராயம் ஒரு குவளை நீட்டினார்கள். குடித்தேன். தொண்டையில் எரிந்தது.

"இஷீனியோ!"

அவன் ஓடிவந்தான். வலது பக்கமாக, பள்ளத்தைச் சுற்றி. ஏறி, பெயரைச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். பல் தந்தியடித்தது.

"ஐஸ் மாதிரி இருக்குல்லக்கா?"

"அப்படியா?" என்றேன்.

அக்கரையில் என் கொப்பரையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. போர்டில் கோகித்துஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கடைக்கு முன்னால் தட்டுகளோடு நாலைந்து பேர் நின்று என்னைத் தேடினார்கள். உள்ளே விட்ட ஆக்டோபஸ் இந்நேரம் வெந்து, பதம் தாண்டப் போகிறது.

"இன்னும் எத்தனை பேரு பாக்கி?" என்று இஷீனியோவைக் கேட்டேன்.

"பத்துப்பேர் இருப்பாங்க. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல. திரும்பிப் போகும்போது பாலத்து வழியா போலாமான்னு பார்த்தேன்."