ஒரே மனுவாகக் கொடுங்கள்

புருஷன் இறந்தபின் மங்கையர்க்கரசி தீவின் மின்னி பே கடற்கரையில் சிப்பிப் பட்டன் பட்டறையைத் தானே நடத்தினாள். ஆறு பெண்கள் காலால் மிதிக்கும் எந்திரத்தில் பட்டன் அறுத்தார்கள். பக்கத்தில் ராஜமாணிக்கத்தின் தேங்காயெண்ணெய் ஆலை டீசலில் ஓடியது. இருவருக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. அது ஊரில் ஆபீஸ்களுக்கே போதவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம், தீவுகளில் தொழில் வளர சர்க்கார் என்ன செய்யவேண்டும் என்று கேட்க மெயின்லேண்டிலிருந்து ஒரு குழு வந்தது. மங்கையர்க்கரசி எழுந்து பேசினாள். இங்கே எடுக்கும் சிப்பியெல்லாம் அப்படியே கப்பலேறிவிடுகிறது, உள்ளூர்ப் பட்டறைக்கு ஒரு பங்கு ஒதுக்கவேண்டும், பகலில் மின்சாரமும் தரவேண்டும் என்றாள்.

ராஜமாணிக்கம் குறுக்கே எழுந்தான். "சாப், அந்தப் பட்டறை ஒரே பத்பூ. அழுகின சிப்பி நாத்தத்துல மனுசன் நிக்க முடியல. மொதல்ல அதை அங்கருந்து தூக்குங்க. பிஜ்லி என் ஆலைக்குக் குடுங்க."

பின்வரிசையில் இருந்த அவளுடைய பட்டறைப் பெண்கள் தலைகுனிந்தார்கள்.

"உங்க ஆலைப் புகையை நாங்க தினம் முழுங்குறமே, அதைச் சொல்லுங்க" என்றாள் அவள். பேச்சு தடித்தது. குழுத் தலைவர் ஃபைலை மூடினார். உங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள் என்று எழுந்துவிட்டார்.

வாசலில் ராஜமாணிக்கம் சமாதானமாகச் சிரித்தான். "மனசுல வச்சுக்காதீங்க தங்கச்சி. எனக்கு லைன் வந்தா உங்களுக்கும் ஒரு ஒயர் இழுத்துத் தாரேன்."

"உங்க ஒயர்ல என் பட்டறை ஓடவேண்டாம்."

மறுவருஷ மழைக்காலத்தில் கப்பல் வரத் தாமதமாகி டீசல் தீர்ந்தது. ஆலை நின்றது. கொப்பரை பூஞ்சைபிடிக்க ஆரம்பித்ததும் ராஜமாணிக்கம் இருவர் பேரிலும் எழுதிய ஒரு மனுவோடு பட்டறைக்குள் வந்தான்.

"நாத்தத்துக்குள்ள எதுக்கு வந்தீங்க?" என்றாள் பட்டன் அறுக்கும் சரசு, எந்திரத்தை நிறுத்தாமல்.

மங்கையர்க்கரசி மனுவைப் படித்தாள். "இதுல சிப்பி எங்க?"

"அது வேற டிபார்ட்மென்ட்டு."

"அப்ப வேற ஆளைப் பாருங்க."

அவன் முணுமுணுத்துக்கொண்டே சிப்பியையும் சேர்த்து எழுதினான்.

"அன்னிக்கு சாப் முன்னால நாத்தம்னு சொன்னது பொய்னு இவங்க முன்னால சொல்லுங்க" என்றாள் மங்கையர்க்கரசி.

எந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு, "சரி, பொய்தான்" என்றான். அவள் கையெழுத்துப் போட்டாள். மனசு ஆறவில்லை.

அடுத்த கோடையில் இருவருக்கும் மின்சாரம் வந்தது. சிப்பி ஒதுக்கீடு மட்டும் மறுக்கப்பட்டது. அதற்கு மறுபடி ஒரு மனு எழுதி, ராஜமாணிக்கத்திடம் கையெழுத்து வாங்க சரசுவை அனுப்பினாள். "எனக்கு பிஜ்லி வந்தாச்சு. சிப்பி அவங்க பாடு" என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

மோட்டார் இருந்தும் அறுக்கச் சிப்பி இல்லாமல் பட்டறை பாதி நாள் சும்மா கிடந்தது. மங்கையர்க்கரசி அவனிடம் போகவில்லை. மனுவில் ஆறு பெண்களையும் கையெழுத்துப் போடச் சொன்னாள். கதவைப் பூட்டிவிட்டு அவர்களோடு செக்ரடேரியட்டுக்கு நடந்தாள். ஆலை வாசலில் நின்றிருந்த ராஜமாணிக்கம், "எங்க எல்லாரும் கிளம்பிட்டீங்க?" என்று கேட்டான். அவர்கள் நிற்காமல் ஆலையைக் கடந்து போனார்கள்.