அந்தரத்தில் ஒரு கால்

அனைவரும் அறிக: இன்று முதல் இவ்வீட்டின் சாப்பாட்டு மேஜை ஆராய்ச்சி நிலையமாகத் தரம் உயர்த்தப்படுகிறது. சாப்பிட விரும்புவோர் தட்டை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஈயத்தை உருக்கி ஒயர் ஒட்டும் சால்டரிங் நடக்கும்போது யாரும் உப்பு கேட்கக் கூடாது.

அறிவித்தவர் இன்சூரன்ஸ் ஆபீசில் பாலிசி புதுப்பிக்கும் பிரிவில் உட்காருபவர். விஞ்ஞானி என்பது மனைவி கொடுத்த பட்டம். அதற்குக் காரணமான சாதனைகள் இரண்டு. தொட்டி நிரம்பி வழிந்து ஓய்ந்த பிறகு கூவும் கருவி ஒன்று. ஆள் ஏறும்போது அணைந்து, ஏறி முடித்ததும் எரியும் மாடிப்படி விளக்கு மற்றொன்று. எல்லாவற்றுக்கும் மூளை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு நீல சர்க்யூட் போர்டு. "அதுக்காவது இருக்கே" என்பாள் மனைவி.

இந்த முறை விஷயம் விளையாட்டில்லை. பக்கவாதம் அவருடைய அப்பாவைக் கட்டிலில் சாய்த்துவிட்டது. பேச்சு போய்விட்டது. வலது கையின் ஒரு விரல் மட்டும் அசைவது போலவும் இருக்கும், அசையாதது போலவும் இருக்கும். அந்த விரலுக்கு அடியில் ஒரு பட்டன், அங்கிருந்து சுவரோரமாக நீள ஒயர், சமையலறையில் போர்டும் பெல்லும். அப்பா கூப்பிட்டால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வந்தாள். எப்போதும் வாசலிலேயே மருந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவள். வெளியூரிலிருந்த அப்பாவுக்காகக் காத்திருக்காமல் அம்மாவின் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அம்மா உயிரோடு திரும்பவில்லை. "நீதானே போட்டே" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவளிடம் அவர் பேசியதே இல்லை.

"உள்ள வாங்க அண்ணி, கடிச்சிட மாட்டார்" என்றாள் மனைவி.

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, பட்டன்மேல் இருந்த அப்பாவின் கையைப் பிடித்தாள். சமையலறையில் பெல் அடித்தது.

விஞ்ஞானி ஓடி வந்தார். "அப்பா அழுத்தினாரு! கேட்டுதா எல்லாருக்கும்?"

"என்னைக் கூப்பிடறாருடா" என்றாள் அக்கா. பிடித்த கையை விட்டாள், பெல் நின்றது. அவர் காதருகே குனிந்தாள். "அப்பா, அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டது தப்பில்லைன்னா, இன்னொரு தடவை அழுத்துங்கப்பா." சொல்லிக்கொண்டே கையை மறுபடி பற்றினாள்.

பெல் நீளமாக அடித்தது.

அக்கா அழுதாள். அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. அப்பா கூரையைப் பார்த்தபடி இருந்தார். அன்று அவள் அங்கேயே சாப்பிட்டாள். போகும்போது, "நீ நல்லா இருப்படா" என்று தம்பியின் தலையைத் தொட்டாள். அலுவலகத்தில் ஒருவரும் பொருட்படுத்தாத அந்தத் தலை அன்று வாசல் நிலையில் இடிக்கும் உயரத்துக்குப் போயிருந்தது.

புதன்கிழமை மனைவி அப்பாவை நாற்காலிக்கு மாற்றிவிட்டு விரிப்பை எடுக்கக் குனிந்தாள். கை ஒயரில் பட்டது. பெல் அடித்தது.

"ஏங்க, கட்டில்ல ஆளே இல்ல. இப்ப உங்களைக் கூப்பிடறது யாரு, கொசுவா?"

விஞ்ஞானி போர்டைத் திறந்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது. பட்டன் சும்மா இருக்கும்போது, போர்டில் ஒயர் வந்து சேரும் உலோகக் காலை, ரெசிஸ்டர் என்கிற குட்டி மின்தடை ஒன்றைப் போட்டு கிரவுண்டோடு, அதாவது பூஜ்ய முனையோடு, கட்டி வைக்க வேண்டும். கட்டாவிட்டால் அந்தக் கால் அந்தரத்தில் நிற்கும். மேலதிகாரியைக் கண்ட குமாஸ்தா மாதிரி, யார் கை பக்கத்தில் வந்தாலும் 'ஆமாம்' சொல்லும். மேஜையில் சாண் ஒயரை வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக வேலை செய்ததால், ரெசிஸ்டர் அநாவசியம் என்று விஞ்ஞானி அவர்கள் முடிவு கட்டியிருந்தார்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "அப்ப அண்ணி கேட்டதுக்கு பதில் சொன்னது..."

"அவ கைதான்."

அவர் போர்டை மறுபடி மூடப் போனார்.

"அப்படியே விட்டுடலாமா?" என்றார் அவர். "அவ நிம்மதியா இருக்கா."

"உங்கப்பா ஒரு நாள் மூச்சு முட்டி நிஜமாவே அழுத்தினா? இதுவும் கொசுதான்னு நான் பாட்டுக்கு துணி துவைச்சிட்டிருப்பேன்."

ரெசிஸ்டர் ஏறியது. ஒயரைப் பிடித்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். பெல் வாய் திறக்கவில்லை. பட்டனை அழுத்தினார், அடித்தது. அப்பாவின் விரலை அதன்மேல் எடுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நேராக உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான்தான் வந்திருக்கேன்."

சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.

"அப்பா? கோபமில்லைன்னு அன்னைக்கு சொன்னீங்களே. இன்னொரு தடவை சொல்லுங்கப்பா." கையை விட்டாள், பிடித்தாள், மறுபடி விட்டாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "பெல்லு கெட்டுப்போச்சாடா?"

மனைவி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். விஞ்ஞானி ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"அப்படித்தான் தோணுதுக்கா. பாக்கறேன்" என்றார்.

பெல்லில் ஒரு கோளாறும் இல்லை.