சிலி நாட்டு மாலுமி

ரெம்யாக்காவுக்கு உட்கார்ந்து படிக்க நேரமில்லை. சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள்; பாறசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அரசு லேப் அசிஸ்டென்ட் வேலைக்கான பரீட்சை எழுத வயது வரம்புப்படி அவளுக்கு இதுவே கடைசித் தடவை. நானும் அதற்குத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வேதிப்பொருள்களின் வழக்குப் பெயர்களைக் கதையாக்கி அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவேன்.

ஃபிலாசஃபர்ஸ் வுல் என்றால் துத்தநாக ஆக்சைடு. பனி பெய்யும் ஊரில், துத்தநாகத் தகரக் கூரைக்கு அடியில், கம்பளிக்குள் சுருண்டு யோசிக்கும் ஒரு தத்துவவாதி. சிலி சால்ட்பீட்டருக்கு ஒரு மாலுமி. கரை தெரியாத கடலில் அவனிடம் மிஞ்சியது ஒரே ஒரு வாழைப்பழம். வாழைப்பழத்தில் பொட்டாசியம் உண்டு. ஆகவே பொட்டாசியம் நைட்ரேட். பசித்தாலும் தின்னாமல் மகளுக்காக வைத்திருப்பான்.

"பாவம் மனுஷன், கேட்டியா," என்று பதில் அனுப்பினாள் ரெம்யாக்கா. "பழம் அழுவிப்போவாதா பிள்ளே?"

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் புத்தகத்தைப் புரட்டினேன். சிலி சால்ட்பீட்டர், சோடியம் நைட்ரேட். பழமல்ல, உப்பு இருந்திருக்க வேண்டும் அவன் கையில். திருத்திச் சொல்லிப் பதிவு செய்தேன். உப்போடு கதை நன்றாக இல்லை. இந்தக் கேள்வி வரவா போகிறது என்று நினைத்தேன். இருவரும் ஒரே ரேங்க் பட்டியலுக்குத்தான் எழுதுகிறோம் என்பதும் மனதில் வந்து போயிற்று. பதிவை அனுப்பாமலே அழித்துவிட்டேன்.

கேள்வி வந்தது.

விடைக்குறிப்பு வெளியான மறுநாள் ரெம்யாக்கா என்னைக் கடைக்கு வரச் சொன்னாள்.

"ஆன்சர் கீ தப்பு பிள்ளே. உனக்க மாலுமி பொட்டாசியமில்லா வச்சிருந்தான்? இவனுவ சோடியம்னு போட்டிருக்கானுவ. இது ஒண்ணு சரியானா கட்-ஆஃப் தாண்டிருவேன். கீ தப்புன்னு பராதி கொடுக்க நாளைக்கு வரைக்கும் டைம் உண்டு. நீ நல்லா எழுதுவ, எழுதித் தா."

பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினாள்.

"கீ சரிதான் அக்கா. என் கதைதான் தப்பு."

"நீயும் பொட்டாசியம்தானே போட்ட?"

"இல்ல. சோடியம்."

நீட்டிய பேனா அப்படியே நின்றது.

"எப்பத் தெரியும்?"

"முந்தின நாள்."

தாளையும் பேனாவையும் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அந்தக் கதையை மட்டும் எட்டு தடவை கேட்டேன்," என்றாள், கோபமில்லாமல். பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்து, வேட்டிப் பொட்டலத்தோடு நின்றவரிடம், "அடுத்தாளு வாங்க," என்றாள்.

நான் விலகி வழிவிட்டேன்.