மேடைக்கு முதுகாக

முதல் அடி முதுகில் விழுந்தது. பெரிய டிரம் அதிர்ந்தால் அது காதுக்கு எட்டுவதற்கு முன்பே தோள்பட்டைகளுக்கு நடுவில் வந்து இடிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இத்தனை வருடம் காதுக்குள் கேட்ட சத்தம் இன்று எலும்புக்குள் கேட்டது. மேடை அவளுக்குப் பின்னால் பத்தடி தூரம்கூட இல்லை. தலையைத் திருப்பினால் போதும். அதைத்தான் செய்யக் கூடாது.

மைதானத்தில் கூட்டத்தையும் மேடையையும் பிரித்து மார்பளவு உயரத்தில் ஓர் இரும்புத் தடுப்பு. தடுப்புக்கும் மேடைக்கும் இடையில் ஒரு குறுகலான சந்து. அந்தச் சந்தில் மஞ்சள் சட்டை போட்டவர்கள் வரிசையாக, மேடைக்கு முதுகையும் கூட்டத்துக்கு முகத்தையும் காட்டி நிற்க வேண்டும். யார் மயங்குகிறார்கள், யார் நசுங்குகிறார்கள், யார் தடுப்பின்மேல் ஏறப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பதுதான் வேலை. ஒலிபெருக்கி அடுக்கின் ஓரத்தில் கையில் சின்ன டார்ச்சோடு சூப்பர்வைசர் நின்றிருந்தார். யாராவது திரும்பினால் முகத்தில் வெளிச்சம் விழும். இரண்டாவது முறை விழுந்தால் மஞ்சள் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த ஒருநாள் வேலையை வாங்கிக் கொடுத்தது நாத்தனார். அதே கம்பெனியில் நாத்தனாருக்கு நிரந்தர வேலை. "அண்ணி, பாட்டக் கேட்டா உங்களுக்குக் கண்ணுமண்ணு தெரியாது. என் பேரக் கெடுத்துடாதீங்க" என்று பலமுறை சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். கணவன் கட்டிலில் சாய்ந்தபடியே சிரித்தான். "ஊரே காசு குடுத்துப் பாக்கப் போகுது. காசு வாங்கிட்டுப் பாக்காம வரப்போறவ நீ ஒருத்திதான்."

அவளுடைய உண்மையான வேலை ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். ஈரப் போர்வைகளை உலர்த்தும் இயந்திரத்தில் திணிப்பதும், கை பொசுங்கும் சூட்டில் வெளியே எடுத்து மடிப்பதும். மடிக்கும்போது எந்நேரமும் எதையாவது முணுமுணுப்பதால் அங்கே அவளுக்கு ரேடியோ என்று பெயர். "நம்ம ரேடியோல ஒரே ஸ்டேஷன்தான் எடுக்கும்" என்பார்கள். அது உண்மை. இன்று மேடையில் நிற்கும் இந்த நால்வரின் பாட்டைத் தவிர வேறெதுவும் அவள் வாயில் வருவதில்லை. கணவன் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில், வேலை முடிந்து கடைசிப் பேருந்தின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு இவர்களுடைய ஒரு பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். விளக்கை அணைத்துவிடாதே, வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று முடியும் பாட்டு. கடவுளிடம் எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியாமல் இருந்ததை அந்த ஒரு வரி அவளுக்காகக் கேட்டுக் கொடுத்தது. அவள் வீடு திரும்பும்போது, எழுந்து நிற்க முடியாத அவன், கட்டிலோரத்து விளக்கை எரியவிட்டுத்தான் வைத்திருந்தான்.

இசைத்தட்டில் அந்தக் கடைசிச் சரணத்தைப் பாடகர்தான் பாடுவார். மேடையில் மட்டும், எங்கும் வாய் திறக்காத டிரம்ஸ்காரர் தன் இடத்தைவிட்டு எழுந்து, முன்னால் வந்து, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பாடுவாராம். யார் யாரோ கைபேசியில் எடுத்த நிலையில்லாமல் ஆடும் படங்களில் அதைப் பார்த்திருக்கிறாள். நேரில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். விதி தெரிந்துதான் வந்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, திருட்டுத்தனமாகத் திரும்பிவிட மாட்டோமா என்ற நப்பாசை.

இரண்டாவது பாட்டிலேயே கழுத்து அவள் பேச்சைக் கேட்கவில்லை. முகவாய் தானாகத் தோளைத் தொட்டது. டார்ச் வெளிச்சம் கண்ணில் அடித்தது. அதற்குப் பிறகு இரு கைகளாலும் தடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றும் உடம்பு அடங்கவில்லை. மேடையில் நடப்பதை எதிரே இருந்த முகங்களில்தான் படிக்க வேண்டியிருந்தது. எல்லாக் கண்களும் இடப்பக்கம் ஓடினால் கிதார்க்காரர் அந்தப் பக்கம் போகிறார். எல்லோரும் ஒன்றாகச் சிரித்தால் பாடகர் ஏதோ சேட்டை செய்கிறார். விருந்து நடக்கும் வீட்டின் வெளிச்சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

பக்கத்தில் நின்ற மஞ்சள் சட்டைக்காரருக்குத் தூண் என்று பெயர். ஆளும் அப்படித்தான். காது நிறையப் பஞ்சு. இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அவள் பக்கம் குனிந்தார்.

"என்ன தங்கச்சி, முள்ளு மேல நிக்கற மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்லண்ணா."

"பொய் சொல்லாத. புதுசா வர்றவங்க எல்லாம் இப்படித்தான். நமக்குன்னு ஒரு டிக்கெட் இருக்கு, தெரியுமா?" அவர் சந்தின் கோடியில் இருந்த முதலுதவிக் கூடாரத்தைக் காட்டினார். "எவனாவது மயங்கினான்னு வெச்சுக்கோ. தூக்கிட்டு அங்க போகணும். விட்டுட்டுத் திரும்பி நடந்து வர்றப்போ மூஞ்சி மேடைப் பக்கம்தான் இருக்கும். அதுக்கு யாரும் டார்ச் அடிக்க மாட்டான். மெதுவா நடந்து வா. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்துகொண்டார். அடுத்த பாட்டு தொடங்கியது.

அவர் சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதுவரை யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள், எப்போதென்று தெரியாமல் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கின. மூன்றாவது வரிசையில் ஏதோ கடையின் சீருடையோடு ஒரு பெண். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். உதடு வெளுத்திருந்தது. கண்கள் அவ்வப்போது செருகின. இவள் விழுவாள் என்று தோன்றியது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் தோன்றியது. இப்போது வேண்டாம். அந்தப் பாட்டுவரை தாங்கட்டும்.

தான் நினைத்ததைத் தானே கேட்டதும் அவள் அந்தப் பெண்ணின் மேலிருந்து கண்ணை எடுத்தாள். ஒரு பாட்டைப் பார்ப்பதற்காக இன்னொருத்தியின் மயக்கத்துக்கு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறாள். ஆண்டவனே, என் கண்ணைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, காலடியில் இருந்த தண்ணீர்க் குவளைகளில் ஒன்றை எடுத்து நீட்டினாள். விரலால் அந்தப் பெண்ணைச் சுட்டிக் காட்டினாள். குவளை கை மாறிக் கை மாறிப் போனது. தொண்டை வறண்டு நின்றவர்கள்தான் எல்லோரும். நடுவில் ஒருவர்கூட வாயில் வைக்கவில்லை. கடைக்காரப் பெண் பாதி குடித்துவிட்டு மீதியைப் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கொடுத்தாள்.

அதைப் பார்த்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

அவளுக்கு நேர் எதிரே, தடுப்பைப் பிடித்தபடி தன் மகளோடு நின்றவரை அவளுக்கு முன்பே தெரியும். மாலையில் வாசலில் அவருடைய கூர்முனைக் குடையை அவள்தான் பிடுங்கி வைத்திருந்தாள். "மழை வந்தா நீங்க வந்து குடை புடிப்பீங்களாம்மா?" என்று அவர் எரிந்து விழுந்திருந்தார். "வந்தா புடிக்கிறேன் சார்" என்று அவளும் விடாமல் சொல்லியிருந்தாள். அப்போதிருந்து அவர் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. மகளுக்காகத் துணைக்கு வந்தவர். பாட்டு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தெரியாததால் மேடையைவிட மனிதர்களைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பாட்டு முடிந்த இடைவெளியில் அவர் குனிந்து கேட்டார். "ஏம்மா, எல்லாப் பாட்டுக்கும் வாயசைக்கறீங்க. ஒரு வார்த்த தப்பல. திரும்பிப் பாக்கவே மாட்டீங்களா?"

"பாக்கக் கூடாது சார்."

"யாரு சொன்னது?"

அவள் டார்ச் இருந்த திசையைக் கண்ணால் காட்டினாள். மகள் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். மகள் தன் கைபேசியை எடுத்து, தன்னைத் தானே படம் பிடிக்கும் பக்கத்துக்கு மாற்றி, அப்பாவிடம் கொடுத்தாள். கூட்டத்தில் அவர்தான் உயரம். அவர் அதைத் தலைக்கு மேலே தூக்கி, திரையை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

திரையில் அவள் முகம் இருந்தது. நெற்றியில் ஒட்டிய முடியோடு, களைத்துப்போன முகம். அதன் தோளுக்குப் பின்னால், கட்டைவிரல் அளவில், மேடை இருந்தது. நீல வெளிச்சத்தில் நான்கு பேர். அசைந்தார்கள். உயிரோடு இருந்தார்கள்.

"குடை புடிக்கறதா நீங்க சொன்னீங்க" என்றார் அவர். "அதான் நான் இதப் புடிக்கிறேன்."

அவள் திரையையே பார்த்தாள். டார்ச் அடிக்கவும் வழியில்லை. அவள் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் அந்தக் கைபேசியைக் கவனித்தாரா, கவனித்தும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாரா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இரண்டு பாட்டுகளை அந்தக் கண்ணாடியில் பார்த்தாள். அப்புறம் வெளிச்சம் எல்லாம் இறங்கி, கிதாரில் தனியாக நான்கு சுரங்கள் கேட்டன. பேருந்துக் கண்ணாடியில் நெற்றி வைத்துக் கேட்ட அதே நான்கு. கூட்டம் மூச்சு விட்டது. திரையில், டிரம்ஸுக்குப் பின்னால் இருட்டில், குட்டையான ஓர் உருவம் தன் சரணத்துக்கு வெகு முன்பே எழுந்து நிற்பது தெரிந்தது. அவள் நுனிக்காலில் எம்பினாள்.

கைபேசியின் விளிம்புக்குக் கீழே, மூன்றாவது வரிசையில், ஒரு தலை காணாமல் போனது.

யோசிக்க நேரமிருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஒரு வரி பாடும் நேரம். அடுத்த கணம் அவள் தடுப்பின்மேல் பாதி ஏறி, "தூக்குங்க, தூக்குங்க, எங்கிட்ட குடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் கை மாற்றிய அதே கைகள் கடைக்காரப் பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கி நகர்த்தி வந்தன. தூண் கால்களைப் பிடித்துக்கொண்டார். தலை அவள் தோளில் சாய்ந்தது. இருவரும் சந்தில் ஓடினார்கள்.

கூடாரத்தில் ஒரு நர்ஸ், ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. படுக்க வைத்துக் காலை உயர்த்தியதும் பெண்ணுக்குக் கண் திறந்தது. "காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல போல. பயமில்ல" என்றாள் நர்ஸ். "நீங்க போலாம்."

"ஓடு தங்கச்சி, உன் டிக்கெட் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுத் தூண் வெளியேறினார். வெளியே பாட்டு இரண்டாவது சரணத்தில் இருந்தது. இப்போது நடந்தால்கூட நேரம் சரியாக இருக்கும்.

அந்தப் பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இறுக்கமாக இல்லை. விரல்களை மெல்ல நீக்கினால் வந்துவிடும்.

"நீங்கதானே தண்ணி குடுத்தீங்க" என்றாள்.

"ஆமா."

"எப்படி அத்தன பேர்ல என்னப் பாத்தீங்க?"

எப்படிப் பார்த்தாள் என்பது அவளுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சர்க்கரைத் தண்ணீர் கலக்கப் போனாள்.

"அவர் பாடிட்டாரா?" என்றாள் அந்தப் பெண்.

"இன்னும் இல்ல. இப்பத்தான். கேளுங்க."

கூடாரத் துணிக்கு அப்பால் சத்தம் எல்லாம் அடங்கியது. அப்புறம் அந்தக் குரல். பாடத் தெரிந்தவரின் குரல் இல்லை. கரகரத்தது, சுருதியை ஓரமாகத் தொட்டுத் தொட்டு நழுவியது. கூடாரத்தின் வாசல் மேடைக்குப் பின்புறம் பார்த்துத் திறந்திருந்தது. அங்கே தெரிந்ததெல்லாம் இரும்புக் கம்பிகள், சுருட்டிய மின்கம்பிகள், லாரியின் படிக்கட்டில் உட்கார்ந்து தூங்கி விழும் ஓட்டுநர். வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்ற இடத்தில் கட்டிலில் கிடந்தவளின் உதடும் அசைந்தது, உட்கார்ந்திருந்தவளின் உதடும் அசைந்தது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மணிக்கட்டில் இருந்த விரல்கள் தாளம் போட்டன.

சர்க்கரைத் தண்ணீர் வந்த பிறகுதான் அவள் எழுந்தாள்.

சந்தில் நடந்து வரும்போது முகம் மேடைப் பக்கம்தான் இருந்தது. யாரும் டார்ச் அடிக்கவில்லை. மேடை இருண்டிருந்தது. ஒலிவாங்கி குட்டையான ஒருவரின் உயரத்துக்குத் தாழ்ந்து நின்றது. தலையில் சின்ன விளக்கு கட்டிய ஒரு வேலையாள் தவழ்ந்து வந்து, திருகைத் தளர்த்தி, அதைப் பாடகரின் உயரத்துக்கு ஏற்றிவிட்டுப் போனார்.

அவள் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தாள். எதிரே அந்த மனிதர் அப்படியே நின்றிருந்தார். கை தலைக்கு மேலே, கைபேசி அதில். மற்றொரு கையால் முழங்கைக்கு முட்டுக் கொடுத்திருந்தார். திரை, அவள் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இறக்குப்பா, அவங்கதான் இல்லியேன்னு எத்தன தடவ சொல்லிட்டேன்" என்றாள் மகள். "கேட்டாத்தானே."

"வந்தா பாக்கணும் இல்ல" என்றார் அவர், யாரிடமென்று இல்லாமல்.

முதுகில் மறுபடி டிரம்மின் அடி விழுந்தது. அவள் தலை நிமிர்த்தினாள். மேலே, நடுங்கும் கையில், நடுங்கும் மேடை. வெளிச்சம் பரவப் பரவ, அதன் முன்னால் ஒரு மஞ்சள் சட்டையும், மெல்ல ஒரு முகமும் வந்து சேர்ந்தன.