பள்ளத்தில் ஏற்றிய கொடி

என் வீட்டுக்காரர் கமைஸ் காலையில் எழுந்தவுடன் முதலில் அரசாங்கத்தைத் திட்டுவார், அப்புறம்தான் முகம் கழுவுவார். குழாயில் தண்ணீர் வராவிட்டால் திட்டு இன்னும் கொஞ்சம் நீளும். இத்தனைக்கும் அவர் அதே அரசாங்கத்தின் தபால்காரர். எங்கள் துனிசியா கால்பந்து அணி ஆடுகிற நாளில் அவரைப் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் ஒலிக்கும்போது, தொலைக்காட்சிக்கு எதிரே பனியனோடு விறைப்பாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். என் தம்பி அம்மார் ஒருநாள் கேட்டேவிட்டான்.

"மச்சான், நாட்டு மேல இவ்வளவு பாசம் வச்சுக்கிட்டு இந்தக் கிழி கிழிக்கிறீங்களே, ஏன்?"

"உங்க அக்கா ரொட்டியில உப்பு கம்மின்னு தினமும் சொல்றேன்ல. ஏன் சொல்றேன்? நாளைக்கும் இங்கதான் சாப்பிடப் போறேன். ஊரை விட்டுப் போறவன் உப்பைப் பத்தி எதுக்குடா பேசறான்?"

என் ரொட்டியில் உப்பு சரியாகத்தான் இருக்கும். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே எனக்கு ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது. கல்லில் சுட்ட ரொட்டிக்குள் மிளகாய் விழுதும் சூரை மீனும் முட்டையும் வைத்துச் சுருட்டித் தருவேன். கடைக்கு முன்னால் நடுச்சாலையில் ஒரு பள்ளம். எத்தனை மனு கொடுத்தும் அது பெரிதாகிக்கொண்டே போனது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாலையில் பள்ளம் விழுந்தால், வண்டிக்காரர்கள் பார்த்து ஒதுங்கட்டும் என்று கையில் கிடைத்ததை அதில் நட்டு வைப்போம். டயர், மரக்கிளை, கால் உடைந்த நாற்காலி, எதுவானாலும் சரி. எங்கள் பள்ளத்தில் வைத்த நாற்காலியை மட்டும் யாரோ ரசனையுள்ள ஆள் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சுதந்திர தினம் நெருங்கியது. ஆளுநர் வருகிறார் என்று நகராட்சி சுறுசுறுப்பாகிவிட்டது. நடைபாதை ஓரக்கல்லுக்கெல்லாம் சிவப்பும் வெள்ளையும் அடித்தார்கள், கடைக்கு ஒரு கொடி கொடுத்தார்கள். பள்ளத்தை ஒட்டியிருந்த கல்லுக்கும் அழகாகப் பெயின்ட் அடித்துவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"ஏம்ப்பா, இதை மூட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆளுநர் அடுத்த தெரு வழியாத்தான் போறாருக்கா" என்றான் பெயின்ட் அடித்தவன்.

மறுநாள் மழை. தபால் பையோடு மொபெட்டில் வந்த கமைஸ், தண்ணீர் நிறைந்த பள்ளத்தைச் சாதாரணக் குட்டை என்று நினைத்து நேராக உள்ளே போனார். முழங்கால் சிராய்த்துவிட்டது, கடிதங்கள் சேறாகிவிட்டன. அவர் அரசாங்கத்தைத் திட்டவே இல்லை. திட்டாத கமைஸைப் பார்த்தால் எனக்குப் பயம். கடை வாசலில் செருகியிருந்த கொடியைக் கம்போடு உருவினார். பள்ளத்தின் நடுவே நட்டு, சுற்றிலும் கல் அடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாற்காலிய எடுத்துட்டுப் போனாங்க. இதை எவன் புடுங்கறான்னு பாக்கறேன்."

எவனும் பிடுங்கவில்லை. லாரிக்காரன் முதற்கொண்டு கொடியைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, சுற்றிக்கொண்டு போனான். இதை முன்பே செய்திருக்கலாமே என்றுகூட எனக்குத் தோன்றியது.

அந்த நிம்மதி மறுநாள் மதியம்வரைதான். போலீஸ்காரர் நூரி என் கடைக்குத் தினமும் வருகிறவர். ரொட்டியை முழுசாகச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, கொடிய அவமதிச்சதா அண்ணன் மேல புகார் வந்திருக்கு. வட்டார அதிகாரி லுத்ஃபி சாரே கொடுத்திருக்காரு. நாளைக்குக் காலையில அவர் வர்றதுக்குள்ள எடுத்துட்டா ஒண்ணும் இல்ல. எடுக்கலைன்னா கேஸ். தபால் ஆபீசுக்கும் எழுதிருவாங்க."

"அப்ப நீங்களே எடுத்துருங்களேன்."

"நானா? போலீஸ்காரன் கொடிய புடுங்கறான்னு போட்டோ வந்துரும்க்கா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

சாயங்காலம் வீட்டில் சண்டை.

"அவங்க பள்ளத்த மூடட்டும், நான் கொடிய எடுத்துக்கறேன்" என்றார் கமைஸ்.

"வேலை போச்சுன்னா?"

"உன் கடையில ரொட்டி சுடறேன்."

"உங்களுக்கு மாவு பிசையவே வராது."

சொல்லிவிட்டு நானே சிரித்துவிட்டேன். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. எங்கள் மகள் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் படிக்கிறாள். அவளுடைய அறை வாடகை இவர் சம்பளத்தில்தான் போகிறது. என் கடை வருமானம் மாவுக்கும் எரிவாயுவுக்குமே சரியாகிவிடும். ஒரு பள்ளத்துக்காக ஒரு பெண்ணின் படிப்பைப் பணயம் வைக்கிற மனிதரை என்ன செய்வது? எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். நாட்டின் மேலும்தான். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் படுத்துகிறார்கள் என்று தோன்றியது.

காலையில் அவர் தபாலுக்குக் கிளம்பிப் போனதும் நான் முடிவு செய்துவிட்டேன். அவர் எடுக்காவிட்டால் போகட்டும், நான் எடுக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டுச் சாலையில் இறங்கினேன். அதே நேரத்தில் அதிகாரியின் கார் வந்து நின்றது. லுத்ஃபி கோட்டும் பளபளவென்ற காலணியுமாக இறங்கினார், பின்னாலேயே நூரி.

"யாரும்மா நீ? நகரு" என்று அதட்டிக்கொண்டே அவர் வேகமாக வந்து கம்பைப் பிடித்தார். நானும் பிடித்துவிட்டேன். அவர் பிடுங்கி எறிவதற்குள் நான் பதமாக எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

அந்த நொடியில் பள்ளிக்கூடத்தில் காலைக் கொடியேற்றம் தொடங்கியது. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தேசிய கீதத்தை எடுத்தார்கள்.

எங்கள் ஊரில் அந்தப் பாட்டு கேட்டால் நடக்கிறவன் நிற்பான். சைக்கிளில் போகிறவன் காலை ஊன்றுவான். லுத்ஃபி அப்படியே விறைத்து நின்றார். கம்பிலிருந்து கையை எடுக்க அவருக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. ஆளுக்கொரு கையால் கொடிக்கம்பைப் பிடித்தபடி, பள்ளத்துக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றோம். நூரி சல்யூட் அடித்தார். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்து நேராக நின்றார்கள். பார்க்கிறவர்களுக்கு, வட்டார அதிகாரியும் ரொட்டிக்காரியும் சேர்ந்து பள்ளத்துக்குக் கொடியேற்றி வைப்பது போலத்தான் இருந்திருக்கும். பள்ளிக்கூட வாசலில் நின்ற ஆசிரியை ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

பாட்டு நீளமானது. நடுவில் அதிகாரி மெல்லக் குனிந்து தன் காலணியைப் பார்த்தார். சேற்றுத் தண்ணீர் கணுக்காலைத் தொட்டிருந்தது. அந்தப் பள்ளத்தை அவர் உண்மையில் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

நான் மேலே பார்த்தேன். காற்றில் சிவப்புத் துணி படபடத்தது. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் பாட்டை முணுமுணுத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு இந்த நாட்டைப் பிடிக்கும். பயந்து பயந்து பிடிக்கும். இதைக் கழற்றி ஒளிக்கத்தானா காலங்காலையில் இறங்கி வந்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

பாட்டு முடிந்தது. லுத்ஃபி தொண்டையைச் செருமினார்.

"நூரி, கேஸ எழுது."

நூரி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார். "எழுதறேன் சார். என்னன்னு எழுத? நீங்களே புடிச்சுக்கிட்டு மரியாதை செஞ்ச கொடி சார் இது. தெருவே பாத்திருக்கு."

தெரு உண்மையாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"சரி, கேஸ் வேணாம். எடுத்துட்டுப் போம்மா" என்றார் என்னிடம்.

இதற்குத்தானே வந்தேன். வேலை பிழைத்தது, வாடகை பிழைத்தது. கம்பை உருவிக்கொண்டு கடைக்குள் போய்விட வேண்டியதுதான். ஆனால் என் வாய் வேறு எதையோ சொன்னது.

"பள்ளத்த மூடுங்க சார். மூடற அன்னைக்கு நானே எடுத்து மடிச்சு வைக்கிறேன். அதுவரைக்கும் இங்கதான் நிக்கும்."

அவர் என்னைப் பார்த்தார், ஆசிரியையின் போனைப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து நகராட்சிக்குப் பேசினார். மதியத்துக்குள் தார் லாரி வந்துவிட்டது. நான் கொடியைச் சேறு படாமல் எடுத்து, மடித்து, மாவு மூட்டைக்கு மேல் வைத்தேன். ஆட்கள் ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி, ஒப்புக்கு நாலு தட்டுத் தட்டிவிட்டு லாரியில் ஏறப் பார்த்தார்கள்.

கமைஸ் அப்போதுதான் மொபெட்டில் வந்து இறங்கினார். வழியிலேயே கதை முழுவதும் காதுக்கு வந்திருக்கும் போல. வாயெல்லாம் பல். ஆனால் நான் அவரைக் கவனிக்கும் நிலையில் இல்லை. லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கத்தினேன்.

"என்னய்யா வேலை இது? ஓரமெல்லாம் இறுகவே இல்ல. அடுத்த மழைக்குப் பேந்துரும். எங்க வரிப்பணத்துல ஊத்தற தாருதானே, எறங்கி ஒழுங்காப் போடு. இந்த நகராட்சியில ஒருத்தருக்காவது வேலை தெரியுமா?"

கமைஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என் மேலங்கியின் நுனியை மெல்லப் பிடித்து இழுத்தார்.

"மெதுவாப் பேசு வசீலா. நான் அரசாங்கச் சம்பளம் வாங்கறவன்."